விட்டுக்கொடுக்காத தாளம், குழையும் குரல்: பெண் குரல் முன்னிற்கும் எலக்ட்ரானிக்கா ஆல்பங்களைக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

எலக்ட்ரானிக்கா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நடனக் கூடமும், ஒரே மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும் தாளமும்தான். ‘எல்லாம் மெஷின், இதில் என்ன உணர்ச்சி இருக்கப் போகிறது’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்கள் இழப்பது பெரிது. சிந்தசைசர், டிரம் மெஷின், சாம்பிளர் (பதிவான ஒலித்துண்டை எடுத்துத் திரும்ப இசைக்கும் கருவி), கணினி என்று கட்டிய இசைக்கு நடுவே உணர்ந்து பாடும் ஒரு பெண் குரல் நிற்கும்போது, அந்தக் குரலின் நுட்பங்கள் மற்ற இசைகளில் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்கும். இது என் உறுதியான எண்ணம்.

காரணம் இதுதான். வாத்தியக்காரர்களோடு சேர்ந்து பாடும்போது பாடகி கண்ணிமைக்கும் நேரம் தாமதித்தால், டிரம்ஸ் வாசிப்பவரும் கிடார் வாசிப்பவரும் தங்களை அறியாமலே அவருக்காகச் சற்று நெகிழ்ந்து கொடுப்பார்கள். மெஷின் நெகிழாது. அது தன் கணக்குப்படி அடித்துக்கொண்டே போகும். அதனால் பாடகி தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் விழுந்தாலும், முந்தினாலும், ஒரு ஸ்வரத்தைக் கீழிருந்து வளைத்து எடுத்தாலும் அந்த வித்தியாசம் அப்படியே தெரியும். நேர்க்கோட்டின் பக்கத்தில் வளைவு எவ்வளவு எடுப்பாகத் தெரியுமோ அவ்வளவு. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகும்: மெஷின் எங்கே நிற்கிறது, குரல் எங்கே அதிலிருந்து விலகுகிறது, எங்கே அதோடு ஒன்றிப்போகிறது என்று கேட்கப் பழகுவது.

முதல் படி: ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

‘சிறந்த 100 பாடல்கள்’ வகைப் பட்டியல்களை இப்போதைக்கு மறந்துவிடலாம். பத்துப் பாடகிகளின் பத்துப் பாடல்களை வரிசையாகக் கேட்டால் ஒரு குரலும் மனதில் தங்காது. ஒரு பாடகி ஒரு ஆல்பம் முழுக்க எப்படியெல்லாம் மாறுகிறார் என்பதைக் கேட்கும்போதுதான் அவருடைய வழக்கமான குரல் எது, அவர் வேண்டுமென்றே மாற்றிக்கொண்ட குரல் எது என்று பிடிபடும்.

எதில் தொடங்குவது? உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த இசையைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். பழைய ஜாஸ், புளூஸ், சோகப் பாடல்கள் பிடிக்கும் என்றால் போர்டிஸ்ஹெட் குழுவின் ‘டம்மி’ (1994). பெத் கிப்பன்ஸ் பாடியது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து கிளம்பிய, ஹிப்-ஹாப் தாளத்தை மெதுவாக்கிய டிரிப்-ஹாப் பாணியின் தலைசிறந்த ஆல்பங்களில் ஒன்று, பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசும் 1995இல் வாங்கியது. வயலின் கூட்டிசையும் பெரிய உணர்ச்சிகளும் பிடிக்கும் என்றால் ஐஸ்லாந்தைச் சேர்ந்த ப்யோர்க்கின் ‘ஹோமோஜெனிக்’ (1997). எண்பதுகளின் சிந்தசைசர் பாப் பிடிக்கும் என்றால் யாஸூவின் ‘அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்’ (1982). வேகமான, நடுங்கும் தாளம் பிடிக்கும் என்றால் மான்செஸ்டர் இரட்டையரான லேம்பின் முதல் ஆல்பம் (1996). பாடுவது லூ ரோட்ஸ், தாளம் கட்டுவது ஆண்டி பார்லோ.

எனக்கு ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் ‘டம்மி’யைச் சொல்வேன். தாளம் நிதானமானது, குரலைச் சுற்றி இடம் நிறைய இருக்கிறது. புதிதாகக் கேட்பவருக்கு எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும்.

வரலாற்று வரிசைப்படி முதலிலிருந்து கேட்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வரலாறு பிறகு தானாக வந்து சேரும்.

இரண்டாம் படி: கேட்கும் கருவியைச் சரி செய்யுங்கள்

விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஆனால் போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். இந்த இசையின் பேஸ் (அடியில் அதிரும் தாழ்ந்த ஒலி) பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. போனின் குட்டி ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. பேஸ் போய்விட்டால் குரல் அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்கும். அதைக் கேட்டுவிட்டு ‘பாட்டு வெறுமையாக இருக்கிறது’ என்று முடிவு கட்டுவது அந்த ஆல்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

சுமாரான ஹெட்போன் போதும். மூச்சு, இடது வலதாக ஓடும் ஒலிகள், எதிரொலியின் வால் எல்லாம் ஹெட்போனில்தான் நன்றாகப் பிடிபடும். அப்புறம் வாய்ப்பு கிடைக்கும்போது அதே ஆல்பத்தை நல்ல ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேளுங்கள். பேஸ் உடம்பில் படும்போது குரல் கேட்கும் விதமே மாறிவிடும்.

பிளேயர் செட்டிங்கில் மாற்ற வேண்டியவை சில உண்டு. ‘பேஸ் பூஸ்ட்’, ‘3டி’ போன்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பாடல் வரிசையைக் கலைக்கும் ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாடல் முடியும் முன்பே அடுத்ததை அதன் மேல் ஏற்றும் கிராஸ்ஃபேட் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். பாடல்களுக்கு இடையிலான மௌனத்தையும் ஆல்பத்தை உருவாக்கியவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். சத்தத்தை மிதமாக வையுங்கள். பாடகி மூச்சு இழுப்பது கேட்கிறது, ஆனால் கிக் டிரம் காதை உறுத்தவில்லை என்ற அளவு சரியானது.

மூன்றாம் படி: முதல் முறை, எதையும் ஆராயாமல்

முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேளுங்கள். பெரும்பாலும் முக்கால் மணி நேரம், கூடினால் ஒரு மணி நேரம். பாடல் வரிகளைத் திறந்து வைக்காதீர்கள், விமர்சனம் படிக்காதீர்கள். உங்கள் கவனம் தானாக நிமிர்ந்த இடங்களை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிடிக்காத இடங்களையும் சேர்த்துத்தான். முதல் முறை எரிச்சலூட்டிய இடம் பல நேரங்களில் அந்த ஆல்பத்தின் துணிச்சலான இடமாக இருக்கும்.

நான்காம் படி: குரலை ஓர் உடம்பாகக் கேளுங்கள்

இரண்டாவது முறை கேட்கும்போது இசையை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பின்தொடருங்கள். என்ன சொல்கிறார் என்பது இப்போது வேண்டாம், எப்படிச் சொல்கிறார் என்பதே போதும்.

முதலில் மைக் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று ஊகியுங்கள். குறிப்பிட்ட ஒரு திசையிலிருந்து வரும் ஒலியை அதிகம் வாங்கும் வகை மைக்கை வாய்க்கு மிக அருகில் கொண்டுபோனால் குரலின் கீழ்ப்பகுதி தடிக்கும். காதோரம் பேசுவதுபோன்ற அந்தக் கனம் அப்படித்தான் வருகிறது. அதோடு கம்ப்ரஷன் என்ற செயல்முறையும் சேரும். அது குரலின் உரத்த இடங்களை அமுக்கி, பிறகு மொத்தத்தையும் தூக்கிவிடும். அதனால் இயல்பில் அமுங்கிப்போகும் மூச்சும், உதடு பிரியும் ஓசையும், சொல்லின் கடைசியில் குரல் கரையும் விதமும் மேலே வந்துவிடும். மெதுவாகப் பாடும் ஒரு பெண்ணால் பெரிய தாளத்துக்கு முன்னால் நிற்க முடிவது இதனால்தான்.

‘டம்மி’யில் பெத் கிப்பன்ஸ் சொற்களைத் தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். பல இடங்களில் சுருதி பிறக்கும் முன்பே காற்று வந்துவிடுகிறது. முடிக்கும் இடங்களில் கார்வையை முழுதாக நிறுத்தாமல் பாதியில் விட்டுவிடுகிறார். அந்தத் தயக்கம்தான் அவருடைய உணர்வு மொழி. இதற்கு நேர் எதிர், யாஸூவில் பாடிய அலிசன் மோயெட். புளூஸ் பாடகியின் கனத்த, அடிவயிற்றிலிருந்து எழும் குரல். அதற்கு அடியில் வின்ஸ் கிளார்க்கின் சிந்தசைசர்கள் மெலிதாக, கச்சிதமாக ஓடுகின்றன. இப்படிப்பட்ட குரலுக்கு இப்படிப்பட்ட பின்னணியை 1982இல் அதிகம் பேர் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இன்றும் அந்த முரண் புதிதாகவே இருக்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். உணர்ந்து பாடுவது என்றால் உரக்கப் பாடுவது, சங்கதிகளை அள்ளிக் கொட்டுவது, அழுகை வரவழைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பர்மிங்ஹாமைச் சேர்ந்த பிராட்காஸ்ட் குழுவின் ட்ரிஷ் கீனனைக் கேளுங்கள். குரலில் அதிர்வு கிட்டத்தட்ட இல்லை. ஒரு சிறுமி பாடத்தை ஒப்பிப்பதுபோல் நேராகப் பாடுவார். ‘டெண்டர் பட்டன்ஸ்’ (2005) ஆல்பத்தில் கரகரக்கும் சிந்தசைசர்களுக்கு நடுவே அந்த நேரான குரல் ஏற்படுத்தும் ஏக்கம், உச்சஸ்தாயியில் அலறினாலும் வராது. 2011 ஜனவரியில் அவர் இறந்தது இந்த இசைக்குப் பேரிழப்பு.

எவ்ரிதிங் பட் தி கேர்ல் என்ற இங்கிலாந்து இரட்டையரில் பாடும் ட்ரேசி தோர்னும் அதே வழிதான். தாழ்ந்த சுருதி, அடக்கம், அலங்காரமே இல்லாத உச்சரிப்பு. ‘வாக்கிங் வூண்டட்’ (1996) ஆல்பத்தில் டிரம் அண்ட் பேஸ் பாணித் தாளங்கள் தலைதெறிக்க ஓடும்போது அவர் அதன் பாதி வேகத்தில், அவசரமே இல்லாமல் பாடுகிறார். ஓடும் தாளம் மனதின் பதற்றம், நிதானமான குரல் வெளியே காட்டும் முகம் என்று எனக்குத் தோன்றும்.

ஐந்தாம் படி: பாடகி எங்கே நிற்கிறார்?

அடுத்து இடம். ஒவ்வொரு பாடலிலும் பாடகி ஓர் இடத்தில் நிற்கிறார்: சின்ன அறையில், பெரிய மண்டபத்தில், சில சமயம் எந்த இடத்திலும் இல்லாமல் உங்கள் தலைக்குள்ளேயே. இதை உண்டாக்குவது ரிவெர்ப், டிலே என்னும் இரண்டு கருவிகள். ரிவெர்ப் குரலைச் சுற்றி ஒரு கூடத்தை எழுப்பும். டிலே குரலைச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லும்.

ஒரே பாடலுக்குள் அந்த இடம் மாறுகிறதா என்று பாருங்கள். சரணத்தில் வறட்சியாக, பக்கத்தில் இருந்த குரல் பல்லவிக்கு வந்ததும் பின்வாங்கி விரிந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. சரணத்தில் உங்களிடம் பேசிக்கொண்டிருந்தவர் பல்லவியில் உலகத்திடம் பேசத் தொடங்கிவிட்டார். அதேபோல் குரல் ஒன்றா, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்த பலவா என்றும் கேளுங்கள். ஒரே பாடகி அதே வரியை இரண்டு முறை பாடி அடுக்கினால் குரல் தடிக்கும், ஆனால் அந்தரங்கம் குறையும். அதனால் அடுக்கிய குரல் திடீரென ஒற்றையாகும் இடம் பெரும்பாலும் பாடலின் மிக நெருக்கமான இடம்.

சிலர் குரலையே மொத்த இசையாக்கிவிடுகிறார்கள். இமோஜென் ஹீப்பின் ‘ஸ்பீக் ஃபார் யுவர்செல்ஃப்’ (2005) ஆல்பத்தில் வரும் ‘ஹைட் அண்ட் சீக்’ பாடலில் டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. அவர் ஒரு வரியைப் பாடிக்கொண்டே கீபோர்டில் விரல் வைக்க, ஹார்மனைசர் கருவி அந்தக் குரலை அந்தந்த ஸ்வரங்களில் பல குரல்களாகப் பிரித்து விரிக்கிறது. மெஷின் வழியாக வந்த குரல்தான், ஆனாலும் சொற்களுக்கு நடுவே அவர் மூச்சு வாங்கும் மௌனங்களில் மனித உடம்பு தெரிகிறது. மெஷின் குரலை மறைத்துவிடும் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய பாடல் இது. அந்த ஆல்பத்தை எழுதியதும் தயாரித்ததும் அவரே. பணத்துக்குத் தன் வீட்டை அடமானம் வைத்தார்.

ஆறாம் படி: இப்போது மெஷினை மட்டும் கேளுங்கள்

இதுவரை குரலை மட்டும் பின்தொடர்ந்தோம். அடுத்த முறை குரலைப் பின்னால் தள்ளிவிட்டு மற்றதைக் கேளுங்கள். என் பார்வையில் பெரும்பாலானோர் தவறவிடும் படி இது, அதிகம் பலன் தரும் படியும் இதுதான்.

தொடங்க ஒரு பாடம் உண்டு. 1977இல் டோனா சம்மர் பாடிய ‘ஐ ஃபீல் லவ்’. ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் மியூனிக் நகரில் தயாரித்தது. ‘ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே’ என்ற ஆல்பத்தில் ஒவ்வொரு பாடலும் ஒரு காலகட்டத்தின் பாணியைச் சொல்ல, கடைசிப் பாடலான இது எதிர்காலத்தைச் சொல்ல வேண்டும் என்பது திட்டம். கிக் டிரமும் குரலும் தவிர ஏறக்குறைய எல்லாமே மூக் என்ற வகைச் சிந்தசைசரிலிருந்து வந்தவை. ஹெட்போனில் கேட்டால் பேஸ் ஸ்வரம் ஒரு காதில் விழ, அதன் எதிரொலி அடுத்த காதில் விழுவது தெரியும். அதனால்தான் அந்தத் துடிப்பு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவதுபோல் இருக்கிறது.

அதன் மேல் சம்மர் என்ன செய்கிறார்? மெஷினோடு போட்டி போடவில்லை. சொற்களைக் குறைத்து, மெல்லிய மேல்ஸ்தாயிக் குரலில் நீண்ட கார்வைகளாக மிதக்கவிடுகிறார். கீழே பொடிப்பொடியாக ஓடும் துடிப்பு, மேலே நீண்டு வளையும் குரல். அதற்குப் பிறகு வந்த ஏராளமான நடனப் பாடல்களில் இதே ஏற்பாட்டைக் கேட்கலாம். நீங்கள் கையில் எடுத்திருக்கும் ஆல்பத்திலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: மெஷினின் வேகம் என்ன, குரலின் வேகம் என்ன? இரண்டும் ஒன்றாக இருக்கும் பாடல் எது, விலகி நிற்கும் பாடல் எது?

அப்புறம் ஒலிகளின் தோலைப் பாருங்கள். வழவழப்பா, சொரசொரப்பா? போர்டிஸ்ஹெட் குழுவினர் தாங்களே இசைத்துப் பதிவுசெய்த துண்டுகளை வினைல் தட்டில் அச்சிட்டு, அந்தத் தட்டிலிருந்து மறுபடி சாம்பிள் எடுத்தார்கள். புதிதாக வாசித்த இசைக்கு எப்போதோ மறந்துபோன பழைய பதிவின் தேய்மானம் கிடைத்தது இப்படித்தான். கிப்பன்ஸின் குரல் அந்தத் தேய்மானத்துக்குள்ளிருந்து வருவதால்தான் அவ்வளவு தனிமையாகக் கேட்கிறது. அதே குழு 2008இல் ‘தேர்ட்’ ஆல்பத்தில் எல்லாவற்றையும் மாற்றியது. அதில் ‘மெஷின் கன்’ பாடலின் தாளம் பெயருக்கேற்ப அடி மேல் அடியாக விழுகிறது, மென்மை என்பதே இல்லை. கிப்பன்ஸ் அதற்கு ஈடாகக் குரலை உயர்த்தவில்லை. இன்னும் நொறுங்கிய குரலில் பாடுகிறார். மெஷின் விட்டுக்கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கொடூரமாகவும் ஆக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மெஷினே மென்மையாகும் ஆல்பங்களும் உண்டு. ப்யோர்க்கின் ‘வெஸ்பர்டைன்’ (2001) அதற்குச் சிகரம். அதில் தாளம் பெரும்பாலும் மிகச் சின்ன ஓசைகளால் ஆனது. சீட்டுக்கட்டைக் கலைக்கும் சத்தம்கூடத் தாளமாகியிருக்கிறது. கூடவே ஹார்ப், செலஸ்டா, மியூசிக் பாக்ஸ், சேர்ந்திசைக் குழு. இணையத்திலிருந்து இறக்கிக் கணினியில் கேட்டாலும் கெட்டுப்போகாத ஒலிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சின்ன ஓசைகளுக்கு நடுவே அவர் கிசுகிசுக்கும்போது தாளம் எது, நாக்கின் ஓசை எது என்று பிரிக்க முடியாத இடங்கள் வருகின்றன. ரோஷீன் மர்ஃபியின் ‘ரூபி ப்ளூ’ (2005) இதே குடும்பம், ஆனால் குறும்பு அதிகம். தயாரித்த மேத்யூ ஹெர்பர்ட் அன்றாடப் பொருள்களின் ஓசைகளைப் பதிவுசெய்து தாளமாக்குபவர்.

ஏழாம் படி: ஒரே குரல், இரண்டு பின்னணி

இந்தப் பயிற்சியைச் செய்தவர்களுக்கு இந்த இசை அதற்கு முன்பு கேட்டதுபோல் மறுபடி கேட்காது.

எவ்ரிதிங் பட் தி கேர்லின் ‘மிஸ்ஸிங்’ பாடலின் இரண்டு வடிவங்களை எடுங்கள். முதலாவது ‘ஆம்ப்ளிஃபைட் ஹார்ட்’ (1994) ஆல்பத்தில் உள்ளது; அடக்கமான, பெரும்பகுதி அகூஸ்டிக் சாயல் கொண்ட பாடல். இரண்டாவது, நியூயார்க்கின் டாட் டெர்ரி ஹவுஸ் என்ற நடன இசைப் பாணியில் செய்த ரீமிக்ஸ் (மறுவடிவம்). 1995இல் உலகெங்கும் பரவியது இதுதான். முதல் வடிவத்தில் பிரிவை நினைத்து வருந்தும் ஒரு பெண் தெரிகிறார். இரண்டாவதில் நடனத் தாளம் கருணையே இல்லாமல் முன்னே போகிறது, அவரோ பழைய இடத்திலேயே நிற்கிறார். வருத்தம் கூடிவிட்டது, காலும் ஆடுகிறது. குரல் மாறவில்லை, அதைச் சுற்றியிருக்கும் காலம் மாறிவிட்டது.

இதைவிடப் பெரிய அளவில் செய்ய வேண்டுமென்றால் ப்யோர்க்கின் ‘வல்னிக்யூரா’ (2015). ஒரு பிரிவைப் பற்றிய ஆல்பம். வெனிசுவேலாவைச் சேர்ந்த ஆர்கா போன்றவர்களோடு சேர்ந்து கட்டிய மின்னணுத் தாளங்கள் ஒரு பக்கம், வயலின்கள் மறுபக்கம். அதே ஆண்டு அவர் தாளங்களை எடுத்துவிட்டு, நரம்பிசையும் குரலும் மட்டுமாக ‘வல்னிக்யூரா ஸ்ட்ரிங்ஸ்’ என்று இன்னொரு வடிவம் வெளியிட்டார். இரண்டையும் பாடல் பாடலாக மாற்றி மாற்றிக் கேளுங்கள். தாளம் இல்லாத வடிவம் அழகாக இருக்கிறது. ஆனால் காயத்தின் வெடிப்பு தாளம் உள்ள வடிவத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. நீங்கள் மறுக்கலாம்; மறுக்க வேண்டுமானால் இரண்டையும் கேட்டுவிட்டு மறுங்கள்.

எட்டாம் படி: சொற்கள், வரிசை, பின்கதை

இவற்றை நான் வேண்டுமென்றே தள்ளிவைத்தேன். ஆங்கில வரிகள் புரியவில்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தைரியம்: எலிசபெத் ஃப்ரேசர் காக்டோ ட்வின்ஸ் குழுவில் பாடிய பல பாடல்களின் சொற்கள் ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கே பிடிபடுவதில்லை. ஒலிக்காகவே அசைகளைத் தேர்ந்து பாடினார். பிரிஸ்டல் குழுவான மாஸிவ் அட்டாக்கின் ‘மெஸனைன்’ (1998) ஆல்பத்தில் ‘டியர்டிராப்’ பாடியதும் அவர்தான். இதயத் துடிப்புபோன்ற தாளத்தின் மேல் அவர் சொற்களை உருட்டும் விதத்திலேயே பாதி அர்த்தம் வந்துவிடுகிறது. அந்தப் பாடல் பதிவான காலத்தில்தான், 1997இல், அவருக்கு நெருக்கமாக இருந்த பாடகர் ஜெஃப் பக்லி நீரில் மூழ்கி இறந்தார். அந்தப் பாடல் ஒருவிதத்தில் அவரைப் பற்றியதாகவே தனக்குத் தோன்றுகிறது என்று ஃப்ரேசர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டால் பாடல் ஆழமாகும். ஆனால் இதை முதலில் தெரிந்துகொண்டிருந்தால் பாடலைக் கேட்காமல் கதையைத்தான் கேட்டிருப்பீர்கள்.

வரிசைக்கு மறுபடியும் ‘வல்னிக்யூரா’தான் நல்ல சான்று. அதன் கையேட்டில் முதல் ஆறு பாடல்களுக்கும் பிரிவுக்கு இத்தனை மாதம் முன், இத்தனை மாதம் பின் என்று காலம் குறித்திருக்கிறார். ஷஃபிளில் கேட்டால் அந்த ஆல்பமே சிதைந்துவிடும். எல்லா ஆல்பத்திலும் இப்படி வெளிப்படையாக இருக்காது, ஆனாலும் முதல் பாடலின் குரலையும் கடைசிப் பாடலின் குரலையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: யார் என்ன செய்தார்கள் என்று படியுங்கள்

பெண் பாடும் எலக்ட்ரானிக்கா ஆல்பம் என்றால், இசை முழுக்க ஓர் ஆணின் மூளை, பாடகி வந்து பாடிவிட்டுப் போனார் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. 2015இல் ஒரு பேட்டியில் ப்யோர்க் இதை நேராகவே பேசினார். ‘வெஸ்பர்டைன்’ தாளங்களில் பெரும்பகுதியைத் தானே நெடுங்காலம் உட்கார்ந்து செய்திருக்க, கடைசிக் கட்டத்தில் வந்து சேர்ந்த மேட்மாஸ் என்ற மின்னணு இசை இரட்டையரே முழு ஆல்பத்தையும் உருவாக்கியதாக எல்லோரும் எழுதினார்கள் என்றார். அவர்களே அதை மறுத்துச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்பது அவருடைய ஆதங்கம். நியாயமான ஆதங்கம். அதனால் ஆல்பத்தின் விவரக் குறிப்பைத் திறந்து, எழுதியவர், தயாரித்தவர், தாளம் அமைத்தவர் என்று யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கனடாவின் கிரைம்ஸ் ‘விஷன்ஸ்’ (2012) ஆல்பத்தைத் தன் வீட்டிலேயே, கராஜ்பேண்ட் என்ற எளிய மென்பொருளில் தனியாகச் செய்தார். அது தெரிந்ததும் அந்தக் குரல் அடுக்குகள் அனைத்தும் ஒருவரே முடிவெடுத்துக் கட்டியவையாகக் கேட்கத் தொடங்கும்.

பத்தாம் படி: ஒரு பாடகியைப் பின்தொடருங்கள்

ஒரு ஆல்பம் கைவந்துவிட்டதா? அடுத்து பாணியைத் தேடாதீர்கள், பாடகியைத் தேடுங்கள். ட்ரேசி தோர்ன் இதற்கு மிகப் பொருத்தமானவர். 1994இல் ‘ஆம்ப்ளிஃபைட் ஹார்ட்’, அதே ஆண்டு மாஸிவ் அட்டாக்கின் ‘ப்ரொடெக்‌ஷன்’ ஆல்பத்தில் விருந்தினர், 1996இல் ‘வாக்கிங் வூண்டட்’, 1999இல் ‘டெம்பெரமெண்டல்’. அதன் பிறகு 24 ஆண்டு இடைவெளி விட்டு 2023இல் ‘ஃப்யூஸ்’. வயதோடு குரல் இன்னும் இறங்கிக் கனத்திருக்கிறது. சுற்றியுள்ள மின்னணு ஒலிகளுக்கு வயதாகவில்லை. இந்தப் பொருத்தமே அந்த ஆல்பத்தின் அழகு.

‘டம்மி’யில் தொடங்கியவர்கள் போர்டிஸ்ஹெட்டின் நியூயார்க் ரோஸ்லேண்ட் அரங்க நேரடிப் பதிவை (1998) அடுத்துக் கேட்கலாம். அங்கே பெரிய வாத்தியக் குழுவோடு பாடும்போது கிப்பன்ஸ் எவ்வளவு துணிந்து குரலைத் திறக்கிறார் என்பது ஆச்சரியம். ‘ஹோமோஜெனிக்’கில் தொடங்கியவர்கள் ‘வெஸ்பர்டைன்’ வழியாக ‘மெடூலா’வுக்கு (2004) வாருங்கள். அதில் ஏறக்குறைய எல்லாமே மனிதக் குரல். பீட்பாக்ஸ் கலைஞர் ரஹ்ஸெலின் வாயிலிருந்து தாளம், ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் இனத் தொண்டைப்பாடகி டான்யா டகாக்கின் மூச்சிலிருந்து உறுமல், சேர்ந்திசைக் குழு என்று எல்லாம் சேர்ந்து மின்னணு ஆல்பம்போலவே ஒலிக்கின்றன. லேம்பில் தொடங்கியவர்களுக்கு ஹாலி ஹெர்ன்டனின் ‘ப்ரோட்டோ’ (2019). அதில் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்றுக்குப் பாடகர்கள் குழுவாகப் பாடிப் பயிற்சி கொடுத்து, அதையும் குழுவில் ஒரு குரலாகச் சேர்த்திருக்கிறார்கள். ‘மெடூலா’வையும் ‘ப்ரோட்டோ’வையும் ஒரே வாரத்தில் கேளுங்கள். இரண்டிலும் நான்காம் படியில் செய்த அதே வேலையைச் செய்யுங்கள்: மூச்சு எங்கே வாங்குகிறார்கள் என்று தேடுங்கள். ‘ப்ரோட்டோ’வில் சில இடங்களில் அது கிடைக்காது, அப்போது அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள்.